மூன்று தனித் தாள்கள்

துணி துவைக்கும் மெஷினின் குழாய் கழன்று இரண்டு மணி நேரம் தண்ணீர் ஓடியிருக்கிறது. நான் வேலையில் இருந்தேன். அத்தை பாப்பாவைப் பூங்காவுக்குக் கூட்டிப் போயிருந்தார். பக்கத்து அலமாரியின் கீழ்த்தட்டில் என் மனைவியின் நோட்டு இருந்தது.

படுக்கையில் விழுந்த பிறகு பத்து மாதம் அவள் எழுதியது அது. "இது பாப்பாவுக்கு. படிக்கத் தெரிஞ்சதும் குடு. நீ படிக்கக் கூடாது" என்று சொல்லி என் கையில் தந்தாள். நான் திறந்ததில்லை. அவள் போய் ஏழு மாதம். அவள் சொன்னதைச் சொன்னபடி செய்வது ஒன்றுதான் எனக்குக் கைவந்தது. மற்றதெல்லாம் அவளுடைய அம்மா, அத்தைதான் பார்த்துக்கொண்டார்.

நோட்டு ஊறி இரண்டு மடங்கு தடித்திருந்தது. உடனே பிரித்துக் காயவைக்க வேண்டும் என்று நினைத்தேன். படிக்கக் கூடாதே என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கைக்கு வந்த இடத்திலெல்லாம் தாளை உரித்தேன். மூன்று தாள் தையலிலிருந்து கழன்று கையில் வந்துவிட்டது. எது எங்கேயிருந்து வந்தது என்று பார்க்கவில்லை. பக்க எண்ணும் இல்லை.

பெரிய நூலகத்தில் நனைந்த புத்தகங்களைப் பார்க்கும் பிரிவு ஒன்று இருப்பது அலுவலகத்தில் யாரோ சொல்லித் தெரியும். போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார்.

"பக்கத்தைப் பிரிச்சீங்களா?"

"மூணு தாள்."

"அதோட நிறுத்துங்க. வெயில்ல வெச்சீங்களா?"

"இல்லை."

"அயர்ன் பண்ணீங்களா?"

திரும்பிப் பார்த்தேன். அத்தை இஸ்திரிப் பெட்டியோடு நின்றிருந்தார். கையால் போனை மூடிக்கொண்டு வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

"நான் என்ன வேடிக்கை பாக்கவா இதைச் சூடு பண்ணேன்?" என்றார் அத்தை.

"அவங்ககிட்டயும் சொல்லிடுங்க, வேண்டாம்னு" என்றார் போனில் இருந்தவர். கேட்டுவிட்டது. "பிளாஸ்டிக் பையில போட்டு, தனித் தாளையும் அதோடயே வெச்சு, ஃப்ரீசர்ல வைங்க. இப்பவே. உறைஞ்சுட்டா மையும் நகராது, பூஞ்சையும் வராது. வெளியாளுங்க கொண்டுவர்றதை வியாழக்கிழமை மதியம் பாப்போம். அதுவரைக்கும் எடுக்காதீங்க."

பட்டாணிப் பொட்டலத்தைத் தள்ளிவிட்டு இடம் செய்தேன். அத்தை பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஃபேன் வேகமா சுத்தினாலே போர்வை கேப்பா அவ" என்றார். "அவ எழுத்தைப் போய் இதுக்குள்ள வைக்கச் சொல்றீங்களே, மாப்பிள்ளை."

"நாலு நாள்தான் அத்தை."

நாலு நாளும் வீட்டில் யாரும் ஐஸ் எடுக்கவில்லை. பாப்பா கேட்டபோது அத்தை, "உள்ள அம்மா நோட்டு தூங்குது. கதவைத் திறக்காதே" என்றார். பாப்பா ஃப்ரிட்ஜைக் கடக்கும்போதெல்லாம் பூனை மாதிரி நடந்தாள்.

வியாழக்கிழமை நூலக வாசலில் காவலாளியிடம் பையைக் காட்டினேன். "நர்ஸம்மாவா? மாடி, கடைசி ரூம். அங்க ஏகப்பட்ட பேஷன்ட்" என்றார். அறையில் மருந்து வாசனை இல்லை. பெரிய மேசை, வடிகட்டி மாதிரித் தட்டுகள், அடுக்கடுக்காக ஈரம் உறிஞ்சும் ஒற்றுத்தாள். மின்விசிறி சுவரைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தார்.

நான் முதலில் விஷயத்தைச் சொன்னேன். யாரும் படிக்கக் கூடாது.

"ஒவ்வொரு பக்கமும் பாக்கணும் சார். பாக்குறது வேற, படிக்கிறது வேற. நாங்க படிக்க ஆரம்பிச்சா ஒரு புத்தகமும் இந்த ரூமை விட்டு வெளிய போகாது."

அந்தப் பதில் எனக்குப் போதுமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். போனேன். நோட்டு சற்று அலை அலையாக, ஆனால் உலர்ந்து கிடந்தது. ஒட்டாத மெல்லிய துணியும் ஒற்றுத்தாளும் பக்கத்துக்குப் பக்கம் வைத்து, தினம் மூன்று முறை மாற்றினாராம். முன்னால் இருந்த பதினெட்டுத் தாளைத் திறந்து காட்டினார். வெறும் நீலம். மேகம் மாதிரி.

"மை பேனா. முழுக்கக் கரைஞ்சுடுச்சு. இதுக்கு எங்கிட்ட மருந்து இல்லை சார்."

அந்த நீலத் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினேன்.

"ஆனா இதுக்கப்புறம் முழுக்க பென்சில். நாப்பத்தொரு தாள். ஒரு எழுத்துகூடப் போகலை. பென்சில் வெறும் கரி. தண்ணிக்கு அது மேல ஒரு அதிகாரமும் கிடையாது. ஏன் மாத்தினாங்க?"

எனக்குத் தெரியும். உட்கார முடியாமல் போன பிறகு மல்லாந்து படுத்து நோட்டை மேலே பிடித்துக்கொண்டுதான் எழுதினாள். பேனா அப்படி எழுதாது. அந்த நாளை நான் நினைத்துப் பார்ப்பதே இல்லை. இன்று அந்த நாளால்தான் நாற்பத்தொரு தாள் மிச்சம்.

"படுத்துக்கிட்டு எழுதினா" என்றேன்.

அவர் தலையசைத்தார். பிறகு மூன்று தனித் தாளையும் கவிழ்த்து என் முன்னால் வைத்தார்.

"இதைச் சேத்துத் தைக்கணும். எதுக்கப்புறம் எதுன்னு யாராவது படிச்சாத்தான் தெரியும். நான் படிக்கலாம். ஆனா எனக்கு உங்க வீட்டு நடப்பு தெரியாது."

"நான் படிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கா."

"நோட்டைப் படிக்கக் கூடாதுன்னாங்க. இது நோட்டுல இல்லையே, சார். நீங்களே கிழிச்சுட்டீங்க" என்றார். சிரிக்காமல் சொன்னார். தட்டுகளை எடுத்துக்கொண்டு கழுவும் தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

முதல் தாளைத் திருப்பினேன். எழுத்து பெரிதாக, கோணலாக இருந்தது.

'அப்பா தலை வாரினால் இழுத்து வாருவார். பொறுத்துக்கொள்ளாதே. கத்து. கத்தினால்தான் அவருக்குத் தெரியும்.'

இரண்டாவது, அத்தை சொல்லும் பேய்க்கதைகளில் எவையெல்லாம் பொய் என்ற பட்டியல். எல்லாமே பொய்.

மூன்றாவது:

'இன்றைக்கு அப்பா எனக்கு நகம் வெட்டிவிட்டார். ஒவ்வொரு விரலாக, பரீட்சை எழுதுகிற மாதிரி. நன்றி என்று சொன்னால் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவார். அதனால் அவரிடம் சொல்லவில்லை. பெரியவளானதும் நீ சொல்லிவிடு. நிறைய இருக்கிறது. ஒரே நாளில் சொல்லாதே, பயந்துவிடுவார்.'

சிரிப்பு வந்தது. ஏழு மாதத்தில் முதல் தடவை. சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. அப்புறம் வேறு சத்தமும் வந்தது. தொட்டியில் தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது, அவர் திரும்பவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டேன்.

"நகம் வெட்டினது மூணாவது தடவை ஆஸ்பத்திரி போறதுக்கு முந்தின நாள். அது முதல்ல. பேய்க்கதை, அத்தை எங்ககூட வந்து தங்கின பிறகு. தலை வாருறது கடைசி. கடைசி மாசம்தான் நான் பாப்பாவுக்கு வார ஆரம்பிச்சேன்."

"இது உங்களைத் தவிர யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றபடி அந்த வரிசையில் அடுக்கினார். ஆஸ்பத்திரி என்ற சொல் வரும் தாளை அவரே தேடி, அதற்கு முன்னால் நகம் வெட்டிய தாளைப் பொருத்தினார். அத்தை வந்த செய்தி இருக்கும் தாளுக்குப் பின்னால் பேய்க்கதையும், கடைசியில் தலை வாருவதும் இடம் பிடித்தன.

"ரொம்ப நன்றி மேடம்" என்றேன்.

சொன்னதும் எழுந்து போகத்தான் தோன்றியது. போகவில்லை. அவர் ஊசியில் நூல் கோத்து மூன்று தாளையும் தைத்து முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.