நாற்பது நிமிடத்தில் எங்கே சாப்பிடுவது?

படகுத்துறையின் விசாரணை ஜன்னலுக்கு மேலே 'படகு நேரங்கள் மட்டும்' என்று பெரிதாக எழுதியிருந்தது. அந்தப் பலகையை யாரும் மதித்ததில்லை. உள்ளே உட்கார்ந்திருந்தவளே மதிக்காதபோது வந்து போகிறவர்களைச் சொல்லி என்ன பயன்? பாதிப் பேர் படகு எப்போது என்று கேட்பார்கள். மீதிப் பேர், "இங்க நல்லதா எங்கங்க சாப்பிடலாம்?" என்பார்கள்.

அந்தக் கேள்வி வந்தால் போதும், அவள் நிமிர்ந்து உட்காருவாள். முதலில் ஆளை ஒரு பார்வை. பிறகு இரண்டே கேள்வி: பசி எவ்வளவு, கையில் நேரம் எவ்வளவு. புதிதாகக் கல்யாணமான ஜோடியா, கலங்கரை விளக்கத்துக்குக் கீழே உள்ள மாடிக் கடைக்குப் போங்கள். சாப்பாடு சுமார்தான், உங்களுக்கு அது தெரியப்போவதில்லை. பல் போன அப்பாவைக் கூட்டி வந்திருக்கிறீர்களா, மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சூப் கடை. உம்மென்று இருக்கும் கணவனோடு வந்தவளுக்கு, இரைச்சல் அதிகமுள்ள கடை. பேசியாக வேண்டிய கட்டாயம் இராது. பதினொரு வருஷத்தில் ஒருவர்கூடத் திரும்பி வந்து முகம் சுளித்தது கிடையாது. "என் வாயில ஒரு கடை பேரு வந்தா, என் நாக்கு அங்க போயிட்டு வந்திருக்குன்னு அர்த்தம்" என்பாள். தற்பெருமைதான், ஆனால் பொய் இல்லை.

அவள் வாயில் வராத கடை ஒன்று இருந்தது. அது அவள் தம்பியின் கடை.

தம்பி பதினான்கு வருஷம் சரக்குக் கப்பலில் சமையற்காரனாக இருந்தவன். நான்கு மாதத்துக்கு முன் கரையேறி, துறைமுகத்தின் இரண்டாம் வாசலுக்கு எதிரே, படகுத்துறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடை போட்டான். கைப்பக்குவத்தில் குறையில்லை. குறையெல்லாம் கடிகாரத்தில். கப்பலில் பன்னிரண்டுக்கு வேலை மாறும். அப்போது சாப்பாடு மேஜையில் இருக்க வேண்டும், பன்னிரண்டரைக்கு மேஜை துடைத்திருக்க வேண்டும். கரைக்கு வந்தும் அவன் அதைவிட்டு இம்மியும் நகரவில்லை. மணி பன்னிரண்டானால் சூப், வறுத்த மீன், சோறு, பழத்துண்டு எல்லாம் தட்டுகளில் ஆவி பறக்க வரிசையாக உட்கார்ந்திருக்கும். இருபத்து நாலு தட்டு. கப்பலில் இருபத்து நாலு பேர்; வேறு அளவுக்கு அவன் கை பழகவே இல்லை. ஒன்றரை மணிக்கு ஆற அமர வந்து, கடலைப் பார்த்துக் கதை பேசிக்கொண்டே சாப்பிட நினைப்பவர்களிடம், "முடிஞ்சுதுங்க" என்று கையை விரித்துவிடுவான். மிச்சத் தட்டுகள் வாசல் காவலர்களுக்கும் பூனைகளுக்கும் போகும்.

"சூடு பண்ணி வச்சுக் குடுக்கலாம்லடா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"சூடு பண்ணின மீனை யாருக்கும் போட மாட்டேன்க்கா."

"அப்ப நானும் யாரையும் அனுப்ப மாட்டேன்."

இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அன்றைக்குக் காலை பத்து மணிக்குத் தம்பி ஜன்னலில் வந்து நின்றான். "போன வாரம் கப்பல் ஏஜென்ட் கூப்பிட்டாரு. ஒன்பது மாச ஒப்பந்தம். இன்னைக்கு மதியம் கடைக்கே பேப்பரோட வராராம்."

"கையெழுத்துப் போடப் போறியா?"

"போடாம? நேத்து மூணு பேரு வந்தாங்க. அதுல ஒருத்தர் வழி கேக்க வந்தவரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே தம்பி மகளின் நினைவு வந்தது. போன தடவை அவன் கப்பலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது, அவன் மகள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த அங்கிள் எப்பம்மா போவாரு?" என்று கேட்டவள். இப்போது ஒன்றாம் வகுப்பு. அப்பன் மடியில் தூங்கப் பழகி நான்கு மாதம்தான் ஆகிறது.

"ஊருக்கே வழி சொல்றே. தம்பி கடைக்கு மட்டும் உனக்கு வாய் வரல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சுருக்கென்று தைத்தது. இன்று ஒரு நாள் பத்துப் பேரைப் பிடித்து அவன் கடைக்குத் தள்ளிவிட்டால் என்ன என்று யோசித்தாள். தள்ளலாம். ஒன்றரை மணிக்குப் போய் ஏமாந்து நிற்பார்கள், நாளைக்கு எவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். தன் கணிப்பில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை. தம்பி போய்விடுவானே என்பதுதான் கவலை.

பதினொன்று ஐம்பதுக்கு எதிர்க்கரைப் படகு வந்தது. அதில் வருகிறவர்களில் பலர் தீவில் வேலை செய்பவர்கள். தீவுக்கு அடுத்த படகு பன்னிரண்டு நாற்பதுக்கு. இறங்கவும் ஏறவும் போக, கையில் நாற்பது நிமிடம். நாள் தவறாமல் அதே கேள்வி, அதே பதில்: "நாப்பது நிமிஷத்துல எங்கயும் உக்காந்து சாப்பிட முடியாதுங்க. அந்தப் பெட்டிக்கடையில பன் வாங்கிக்குங்க."

தீவு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி அன்று நகரவில்லை. "எல்லாருக்கும் ஆளைப் பாத்துக் கடை சொல்றீங்க. எங்களுக்கு மட்டும் தினமும் பன்னா?"

"நான் என்னம்மா பண்றது? நீங்க போய் உக்காந்து, வேணுங்கிறதைச் சொல்லி, அதுக்கப்புறம் கடைக்காரன் அடுப்பு பத்தவச்சு... படகு போயிடும். கரெக்டா பன்னெண்டு மணிக்குச் சமைச்சு, தட்டுல போட்டு, வாங்க வாங்கன்னு காத்துட்டிருக்க எந்தக் கிறுக்கன் இந்த ஊர்ல..."

அவள் கண் இரண்டாம் வாசல் பக்கம் திரும்பியது. நர்ஸ் அவள் முகத்தையே பார்த்தாள்.

நான்கு மாதம்! கிறுக்கன் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருந்தான். நேரமுள்ளவர்களை அவனிடம் அனுப்ப முடியவில்லையே என்று மருகிக்கொண்டிருந்தவளுக்கு, நேரமில்லாதவர்கள் கண்ணில் படவே இல்லை. அவர்களுக்கான 'பன்' என்ற பதில்தான் பதினொரு வருஷமாக நாக்கு நுனியில் தயாராக இருந்ததே! அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வெட்கப்பட அவகாசம் இல்லை, மணி பதினொன்று ஐம்பத்தெட்டு.

பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து கையைத் தட்டினாள். "தீவுக்குப் போறவங்க யாருக்கெல்லாம் சோறு வேணும்? இரண்டாம் வாசலுக்கு எதிர்ல, நீலக் கதவு. என்ன இருக்குன்னு கேக்காதீங்க. போய் உக்காருங்க, அவ்வளவுதான்." விரலை நீட்டி நீட்டி எண்ணினாள். இருபத்து நாலோடு கையைக் குறுக்கே போட்டாள். "இருபத்தஞ்சு, நீங்க நாளைக்கு முதல் ஆளு. இன்னைக்கு மட்டும் பன்னு."

நர்ஸ் முன்னால் நடந்தாள். மற்றவர்கள் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.

பன்னிரண்டு முப்பத்திரண்டுக்கு நர்ஸ் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "உக்காரும்போதே தட்டு இருந்துச்சு! 'பேச்சைக் குறைங்க, பன்னெண்டரைக்கு மேஜை துடைக்கணும்'னு அதட்டுறாரு. எங்க பெரிய டாக்டர்கூட அப்படி அதட்டினதில்லை. ஆனா அந்த மீனுக்கு எவ்வளவு வேணா திட்டு வாங்கலாம். நாளைக்கும் எனக்கு ஒரு தட்டு சொல்லிடுங்க." அவளுக்குப் பின்னால் இருபத்து மூன்று பேரும் வந்து சேர்ந்தார்கள். ஒருவர்கூடப் படகைத் தவறவிடவில்லை.

இரண்டரைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு அவள் நீலக் கதவுக்கு விரைந்தாள். தம்பி காலிப் பாத்திரங்களைத் தேய்த்து முடித்திருந்தான். மேஜையில் ஒப்பந்தக் காகிதம் கிடந்தது. அதில் சூப் கிண்ணம் வைத்த வட்டக் கறை ஒன்று இருந்தது, கையெழுத்து இல்லை.

"தப்பு என்மேலதான்டா" என்றாள். எந்த முன்னுரையும் இல்லை. "கண்ணு முன்னாடியே இருந்தாங்க. எனக்குத்தான் தெரியல. இனிமே தினமும் வருவாங்க, நான் சொல்றேன்."

"நீ சொன்னா வருவாங்க" என்றான் தம்பி.

"ஏஜென்ட் என்ன சொன்னாரு?"

"உக்கார இடம் இல்லை. வந்த மனுஷன் கையில தட்டைக் குடுத்துப் பரிமாறச் சொல்லிட்டேன். வேற ஆளைப் பாத்துக்கிறேன்னு போயிட்டாரு."

கடிகாரத்தைப் பார்த்தான். ஈரக் கையை உதறிவிட்டு, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் வாசலுக்குப் பாய்ந்தான்.

"எங்கடா ஓடுற?"

"மூணு மணிக்கு ஸ்கூல் விடுதுக்கா. கப்பலுக்குப் போறேன்னு என் மககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ஒரு வாரமா வாயை மூடிட்டிருந்தேன்." படியிறங்கியவன் திரும்பினான். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. "இனிமே சொல்லவே வேண்டியதில்லை."