பட்டியலில் இல்லாத பெயர்

கார்த்திகை மழை ஒன்பது நாளாய் ஓயாது பொழிந்து, கோணமலையின் முடியை முகில் மூடி மறைக்க, குன்றுகள் அணைத்துக் கிடக்கும் திருகோணமலைத் துறைமுகத்தின் நீர், ஈயத்தை உருக்கி வார்த்தாற்போல் ஒளியற்று அசைந்துகொண்டிருந்தது. அக்காலைப்பொழுதில், கரையோரத் திருச்சபையின் நீண்ட மண்டபத்துள், வெள்ளத்துக்கு வீடிழந்து படகேறி வந்த மூதூர், ஈச்சிலம்பற்று மக்கள் நூற்றிருபதின்மர், நனைந்த பாய்களின்மேல், கூடு கலைந்த பறவைகளைப்போல் ஒடுங்கியிருந்தனர்.

அம்மண்டப வாயிலில் கதிரையிட்டு அமர்ந்திருந்தாள் சுலோஜனா. அச்சபையின் மகளிர் குழுவுக்குப் பதினான்கு ஆண்டுகளாய்த் தலைவி. தீயவள் அல்லள். சீடர்தம் கால்களைக் கழுவிய ஆண்டவரைப் பற்றி அவள் பேசக் கேட்டுக் கண்கலங்காத பெண்டிர் அச்சபையில் இலர். உணவு வழங்கும் வேளை, பாய் விரிக்கும் நிரை, பின்புறக் கழிப்பிடத்தைக் கழுவும் முறை என யாவற்றுக்கும் சபைப் பெண்டிருள் ஆள் குறித்துப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டியவளும் அவளே. ஆயினும், வெள்ளம் ஏறிய கழிப்பிடத்தின் நாற்றத்துக்கு அஞ்சிக் குறிக்கப்பட்டோர் ஒருவர்பின் ஒருவராய் நழுவ, அவள் பட்டியலைத் திருத்தித் திருத்தி எழுதினாளேயன்றி, அவ்விடத்தை எட்டியும் பார்த்தாளில்லை.

அன்று காலை, இரத்தினேஸ்வரி என்னும் ஈச்சிலம்பற்று உழவர்குடிப் பெண், ஈரச்சேலையைப் பிழியவும் மறந்தவளாய் அவள்முன் வந்து நின்றாள்.

"அம்மா, இவருக்கு மேல் நெருப்பாக் கொதிக்குது. எழும்ப ஏலாமல் கிடக்கிறார். ஒருக்கா வந்து பாருங்கோ."

"நாளைக்கு டொக்டர் வருவார். பேரைச் சொல்லுங்கோ, எழுதுறன்."

"இராசநாயகம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணுமோ எண்டு நீங்கள் பாத்துச் சொன்னால் போதும் அம்மா."

"எல்லாருக்கும் ஒரே ஒழுங்குதான். நாளைவரைக்கும் பொறுங்கோ."

பெயரை எழுதினாள்; எழுந்தாளில்லை. நண்பகலில் அப்பெண் மீண்டும் வந்தபோது, காய்ச்சல் வில்லைகள் இரண்டை நீட்டிவிட்டு, அடுத்து நின்றவரை நோக்கினாள்.

பிற்பகலில், கழிப்பிடத்துள் கால்வைக்கவும் இயலாமையால், இராசநாயகம் சுவரைப் பற்றிப் பற்றி மண்டபத்தின் பின்னே கொட்டும் மழையில் இறங்கி, சேற்றில் வீழ்ந்தான். நெடுநேரம் கழித்தே கண்டனர். அவனைத் தூக்கி மருத்துவமனை வண்டியில் ஏற்றியபோதுதான், தான் எழுதிய பெயருக்குரிய முகத்தைச் சுலோஜனா முதன்முதல் பார்த்தாள். எலிக்காய்ச்சல் முற்றியிருந்த அவ்வுடலில் உயிர் மறுநாள் நண்பகலைத் தாண்டவில்லை.

செய்தி வந்ததும் அவள் சுவரின்முன் போய் நின்றாள். கழுவுவோர் பட்டியலில் அச்சபைப் பெண்டிர் அனைவர் பெயரும் இருந்தன. அதை எழுதியவளின் பெயர் ஒன்றே இல்லை. காலணியைக் கழற்றி, சேலையை இடுப்பில் செருகி, வாளியும் தேய்த்துக் கழுவும் தும்புத்தடியுமாய்ப் பின்புறம் சென்றாள். குழாயை அடைத்திருந்த கந்தலை முழங்கை அழுந்தக் கைவிட்டு இழுத்தெடுத்தாள். நாற்றம் தாளாது இருமுறை வெளியே வந்தாள்; இருமுறையும் திரும்பிப் போனாள். யாரையும் அவள் அழைக்கவில்லை. மறுநாள், பட்டியலைக் கண்டு நழுவியோருள் இருவர் தாமே வாளியோடு வந்து அவள் பக்கத்தில் நின்றனர்.

போக்கிடம் வேறின்மையால், கணவனை நகர இடுகாட்டில் விட்டுவிட்டு இரத்தினேஸ்வரி அதே மண்டபத்துக்குத் திரும்பினாள். சுலோஜனா அவள் பாயருகே தரையில் அமர்ந்தாள்.

"பிள்ளை, நான் அண்டைக்கு எழும்பி வந்திருக்க வேணும். என்னை மன்னியுங்கோ."

"எனக்கு ஏலாது அம்மா."

இரத்தினேஸ்வரி முகத்தைத் திருப்பாமலே மறுபடியும் பேசினாள்.

"அந்த மூலையிலை மூதூர்ப் பிள்ளைத்தாச்சி விடியத் தொடக்கம் குடிச்ச தண்ணியும் தங்காமல் சத்தி எடுக்கிறா. அவவைப் போய்ப் பாருங்கோ."

"ஓம்," என்று சுலோஜனா உடனே எழுந்தாள்.

அன்பரீர், தலைவி என்னும் பெயரைச் சபை அவளிடமிருந்து எடுத்ததுமில்லை. அவள் அதனைப் பின்னர் விரும்பியதுமில்லை. அழைத்தவர் எவராயினும் எழுந்து செல்லுதல் அவள் இயல்பாயிற்று. ஆயினும், அவள் எழாதிருந்த அந்த ஒரு நாளில் அவளை நம்பிக் கிடந்தவன் இடுகாட்டின் ஈரமண்ணுள் உறங்கினான்; எத்தனை பேருக்காக அவள் எழுந்தாலும், அவன் இனி எழுவதாயில்லை.