வழி விடாத பெருங்குடல்

தையற்காரியும் அவள் அண்ணியும் சேர்ந்து ஒரு பெருங்குடலைத் தைத்தார்கள். ரோஜா நிறத் துணி. விசிறி வைத்து ஊதினால் எழுந்து நிற்கும், ஆள் குனிந்து உள்ளே போகலாம். புற்றுநோய் ஆரம்பத்தில் எப்படி இருக்கும் என்று காட்ட, உள்சுவரில் சிவப்புப் பஞ்சு உருண்டைகள். அண்ணி பஸ் ஓட்டுபவள். அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரின் கிளினிக்குக்குள் நுழைந்தபோது, காத்திருந்தவர்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள்.

தையற்காரியின் அண்ணன் போன வருடம்தான் செத்துப்போனான். ரத்தம் போகிறது என்று இதே டாக்டரிடம் திரும்பத் திரும்ப வந்தான். ஒவ்வொரு முறையும் மூலம் என்று களிம்பு கொடுத்து அனுப்பினார். பெரிய ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தபோது காரியம் கைமீறியிருந்தது. மறுபடி அதே தொந்தரவோடு வருகிறவரைச் சோதனைக்கு அனுப்புங்கள் என்பதுதான் இருவரின் கோரிக்கை. டாக்டர் தட்டிக்கழித்தபடியே இருந்தார். அவரை நினைத்தாலே தையற்காரிக்கு வயிறு எரியும். அண்ணி விசிறியைப் போட்டு, குடல் ஊதி எழுந்து நின்றதும் அவள் டாக்டரை அழைத்தாள்.

"ரெண்டு நிமிஷம் உள்ள வாங்க டாக்டர். நீங்க எங்களுக்கு ஒதுக்குற நேரம்தான்," என்றாள்.

அறையே சிரித்தது. இத்தனை பேர் முன்னால் மறுக்க முடியாமல் டாக்டர் குனிந்தார். அவளும் டார்ச்சோடு பின்னால் போனாள். உருண்டைகளைத் தாண்டி, வளைவு திரும்பி, கடைசிக்கு வந்ததும் டாக்டர் சுவரைத் தடவினார்.

"வெளிய போற வழி எங்கம்மா?"

அவளும் தடவினாள். தலையணை தைத்துப் பழகிய கை, மறுமுனையைக் கச்சிதமாக மூடி இரட்டைத் தையல் வேறு போட்டிருந்தது.

"தச்சுட்டேன் போலிருக்கு டாக்டர்."

அதற்குள் ஆர்வம் தாங்காத நாலைந்து பேர் பின்னால் நுழைந்துவிட்டார்கள். திரும்பிப் போகவும் வழியில்லை.

"என்ன, மலச்சிக்கலா?" என்று வெளியிலிருந்து அண்ணி கேட்டாள். குடல் மொத்தமும் சிரிப்பில் குலுங்கியது. டாக்டரும் கண்ணில் நீர் வரச் சிரித்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

தையற்காரி தையல் பிரிக்கும் கத்தியை எடுத்தாள். வேண்டுமென்றே மெதுவாக, ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள்.

"எங்க அண்ணன ஏன் அனுப்பல டாக்டர்?"

டாக்டரின் சிரிப்பு அடங்கியது.

"மூலம்னு நெனச்சேன்மா. தப்புதான்," என்றவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் கொஞ்ச நாளா ரத்தம் போகுது. அதையும் மூலம்னுதான் சொல்லிட்டிருக்கேன். பயமா இருக்கு."

இவரைக் கெஞ்ச வைக்க வேண்டும், அழ வைக்க வேண்டும் என்று எத்தனையோ கனவு கண்டிருந்தாள். இப்போது அவளுக்கு அண்ணனின் முகம்தான் தெரிந்தது. அவனும் இப்படித்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"நாளைக்கே சோதனைக்குப் போங்க. அண்ணி கூட்டிட்டுப் போவா," என்று மிச்சத் தையலை ஒரே இழுப்பில் கிழித்தாள்.

டாக்டர் தலை கலைந்து, சட்டையில் பஞ்சோடு அறையின் நடுவில் வந்து விழுந்தார். கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தார்.

"எனக்கு ரத்தம் போகுது. நாளைக்கு சோதனைக்குப் போறேன்," என்றார். "என்கிட்ட களிம்பு வாங்கிட்டுப் போயும் சரியாகாதவங்க இங்க யாராவது இருக்கீங்களா?"

குடலுக்குள் இன்னும் மாட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரின் குரல் கேட்டது.

"நான் இருக்கேன் டாக்டர்."