பதினைந்தாவது பெயர்

பிரியாவிடைக்கு ஐந்து நாள் இருந்தபோது சசிரேகா ஒரு தாளில் பதினைந்து பெயர்களை எழுதினாள். தமிழ் வகுப்பில் இருந்தவர்களோ பதினான்கு பேர்.

ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். என்ற மலேசியப் பள்ளியிறுதித் தேர்வுக்குத் தமிழ் எடுத்தவர்கள் அவர்கள். பள்ளி முடிந்து மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, அறிவியல் கூடத்தில் அமில நெடிக்கு நடுவே, பசியோடு உட்கார்ந்து ஐந்து வருடம் தமிழ் படித்தவர்கள். பாதிப் பேர் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். மீதிப் பேர் காய்கறி, பூ வியாபாரம் செய்கிறவர்களின் பிள்ளைகள். கடைசி நாளில் ஒரு கூத்து செய்வதென்று முடிவாகியிருந்தது. புனிதா டீச்சர் இத்தனை வருடம் எடுத்த வருகைப் பதிவை அன்று மாணவர்களே எடுப்பார்கள். ஒவ்வொரு பெயரையும் கூப்பிட்டு, அந்த ஆள் செய்த கோமாளித்தனம் ஒன்றைச் சபையில் போட்டு உடைக்க வேண்டும். ஆள் எழுந்து நின்று, மறுக்காமல், "உள்ளேன்" என்று சொல்ல வேண்டும். எழுதுகிற பொறுப்பு வகுப்புத் தலைவி சசிரேகாவுடையது.

அகிலன்தான் தாளை எட்டிப் பார்த்தான். "மலர் பேரு ஏன் இருக்கு? அவதான் போன வருசமே நின்னுட்டாளே."

"நாலு வருசம் நம்மகூட ஒக்காந்தவதானே."

"அதுக்கில்லலா. அவ வந்தா நம்மளப் பாத்து சங்கடப்படுவா. எதுக்கு?"

புனிதா டீச்சரும் அதையே வேறு விதமாகச் சொன்னார். "நல்ல எண்ணத்துலதான் செய்யற, சசி. ஆனா நீங்க எல்லாம் பரீட்சைக்குப் போறீங்க. அந்தப் பிள்ளையக் கூட்டியாந்து நடுவுல நிறுத்துனா அதுக்கு எப்படி இருக்கும்? விட்ருமா."

சசிரேகா தலையாட்டினாள். ஆனால் பெயரை அடிக்கவில்லை.

மலரும் அவளும் ஒரே எஸ்டேட், ஒரே லைன் வீட்டு வரிசை, நடுவில் மூன்று வீடு. நான்காம் படிவம் முடியும் சமயத்தில் மலரின் அம்மா நவமணி மழையில் தேயிலைச் சரிவிலிருந்து உருண்டு, இடுப்பு எலும்பு முறிந்து படுத்தார். அப்பா முன்பே இல்லை. எஸ்டேட் வேலைக்குப் போக ஆள் இல்லாமல் எஸ்டேட் வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும்? சுற்றுலாக்காரர்கள் வந்து போகும் கியா பார்மில் ஸ்ட்ராபெரி கடை வைத்திருந்த சிவசாமி, கடைக்குப் பின்னால் ஒரு அறையும் மலருக்கு வேலையும் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் சாமான்களோடு போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு சசிரேகா ஒருமுறைகூட அங்கே போய்ப் பார்க்கவில்லை. முதலில் பரீட்சை வந்தது. அப்புறம் விடுமுறை. அதன் பிறகு, இத்தனை நாள் கழித்துப் போனால் என்ன சொல்வது என்ற கூச்சம் வந்தது. அந்தக் கூச்சம் வாரத்துக்கு வாரம் வளர்ந்தது. பள்ளி பஸ் தினமும் கியா பார்ம் வழியாகத்தான் எஸ்டேட்டுக்குத் திரும்பும். சுற்றுலாக் கார்களின் நெரிசலில் பஸ் ஊர்ந்து போகும்போது சசிரேகா ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். தூக்கம் வராது. கடை தாண்டியது என்று தெரிந்த பிறகு கண்ணைத் திறப்பாள்.

மறுநாள் அவள் கியா பார்மில் இறங்கினாள்.

மலர் ரப்பர் பூட்சும் தலையில் துண்டுமாக, பழங்களைப் பெரிது சிறிது பார்த்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்; கை நிற்கவில்லை.

"பழம் வேணுமா? இந்தப் பக்கம் இருக்கறது இனிப்பு."

"மலர், நான்தான்."

"தெரியுது. கண்ணு நல்லாத்தான் இருக்கு."

சசிரேகா வந்த விஷயத்தைச் சொன்னாள். வருகைப் பதிவு, வேடிக்கை, வரும் சனிக்கிழமை காலை பத்து மணி. மலர் கேட்டுக்கொண்டே நான்கு பெட்டிகளை முடித்தாள்.

"சனிக்கிழமையா? அன்னிக்குத்தான் கோலாலம்பூர் ஆளுங்க எல்லாம் இங்க இருப்பாங்க. மூச்சு விட முடியாது. என்னால வர முடியாது."

"ஒரு மணி நேரம் மட்டும்."

"முடியாதுன்னா முடியாது, சசி. பஸ்ஸு போயிடும். கெளம்பு."

பஸ் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. சசிரேகா ஐந்து கிலோமீட்டர் தூரம் எஸ்டேட் சாலையில் பனிக்குள் நடந்தே வீடு போய்ச் சேர்ந்தாள். அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் பாதி தூரம் வந்தபோது அழுகை நின்று, அந்த இடத்தில் ஒரு பிடிவாதம் வந்து உட்கார்ந்தது. மலர் சொன்னதை ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிப் பார்த்தாள்.

காலையில் வகுப்பில் எழுந்து சொன்னாள்: "அவளால வர முடியாதுன்னுதான் சொன்னா. நம்மள வரக் கூடாதுன்னு சொல்லல. பிரியாவிடைய அங்க வச்சுக்கலாம்."

 கடைசி வரிசையிலிருந்து ரூபன், "ஸ்ட்ராபெரி கடையிலயா?" என்றான்.

"கடைக்குப் பின்னாலதான். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு. அந்த நேரத்துல கூட்டம் இருக்காது, நான் பாத்துட்டு வந்தேன்."

புனிதா டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ கோவப்பட்டா?"

"படட்டும் டீச்சர். கோவப்படறதுக்கு அவளுக்கு ஞாயம் இருக்கு. நம்மள நேர்ல பாத்து கோவப்படட்டும்."

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெளியே போவதற்கான அனுமதிக் கடிதங்களை எழுத உட்கார்ந்தார். அகிலன் மட்டும், "நான் அப்பவே சொன்னேன்னு அப்புறமா சொல்லுவேன்," என்றான்.

சிவசாமியிடம் சசிரேகாவே போய்ப் பேசினாள். அவர் பெரிய மீசையும் சின்னக் குரலும் உள்ள மனிதர். பதினான்கு பேர் வருகிறார்கள் என்றதும், "என்னா, மறியலா?" என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும் கொஞ்சம் யோசித்தார். "பழத்த மிதிக்கக் கூடாது. செடியத் தொடக் கூடாது. அந்தப் பிள்ள போகச் சொன்னா, ஒடனே போயிடணும். சரியா?"

"சரிங்க அங்கிள்."

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கே மழை பிடித்துக்கொண்டது. பதினான்கு பேரும் டீச்சரும் பஸ்ஸை விட்டு இறங்கி, சாலையோரக் கடைகளின் தார்ப்பாய்களுக்கு அடியில் ஒவ்வொருவராக ஓடி, சிவசாமி கடையின் பின்பக்கத்துக்குள் நுழைந்தார்கள். பிளாஸ்டிக் கூரை போட்ட கொட்டகை. ஒரு பக்கம் செடி வரிசைகள், ஒரு பக்கம் பெட்டி கட்டும் மேசை. மேசையருகே நாற்காலியில் நவமணி. அவருக்குப் பக்கத்தில் மலர்.

மலர் அவர்களைப் பார்த்தாள். எண்ணுவது போல ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு குனிந்து பெட்டியை மடிக்கத் தொடங்கினாள்.

"மலர், ஆளுங்க வந்திருக்காங்க," என்றார் நவமணி.

"வந்தா வரட்டும். எனக்கு எம்பது பொட்டி இருக்கு."

எல்லாரும் சசிரேகாவைப் பார்த்தார்கள். நனைந்த சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. இப்போது திரும்பிப் போனால் இனி எப்போதும் வர மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. தாளை விரித்து, மழை இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தினாள்.

"அகிலன், மகேஸ்வரன் மகன். நூலகத்தின் பயன்கள்னு கட்டுரை எழுதச் சொன்னாங்க. இவன் எழுதினான்: 'ஒரு நாள் நான் அப்பாவின் லோரியில் நூலகத்திற்குச் சென்றேன்.' அதுக்கப்பறம் ரெண்டு பக்கமும் லோரி. நூலகம் திரும்பி வரவே இல்ல. சுற்றுச்சூழல்னு குடுத்தாலும் லோரி. ஒற்றுமைன்னு குடுத்தாலும் லோரி."

"உள்ளேன்," என்றான் அகிலன். "லோரியும் உள்ளது."

"ரூபன். மண்சரிவுல ரோடு ஒரு நாள் மூடியிருந்துச்சு. இவன் நாலு நாள் வரல. அஞ்சாவது நாள் அப்பாகிட்டேருந்து கடிதம் கொண்டாந்தான். 'என் மகன் மண்சரிவில் மாட்டிக்கொண்டபடியால்.' கீழ என்னா போட்டிருந்துச்சு தெரியுமா? 'இப்படிக்கு, என் அப்பா.'"

கொட்டகை குலுங்கியது. நவமணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மலர் சிரிக்கவில்லை, ஆனால் பெட்டி மடிக்கும் வேகம் குறைந்திருந்ததைச் சசிரேகா கவனித்தாள்.

ஐந்து வருடத்தில் "சரி டீச்சர்" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசியிராத திருமாறன், தன் பெயர் வந்ததும் பழக்க தோஷத்தில் "சரி" என்றான். கடைசியாக ஒரு விஷயம் என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசும் புனிதா டீச்சரும், தாளில் பெயர் இல்லாவிட்டாலும், எழுந்து நின்று, "உள்ளேன். கடைசியா ஒரு விசயம்," என்றார். பிள்ளைகள் அவரை உட்கார வைக்கப் படாத பாடு பட்டார்கள்.

அப்புறம் சசிரேகா நிறுத்தினாள். தாளில் இரண்டு பெயர்தான் மிச்சம்.

"மலர். மூனாம் படிவத்துல பேச்சுப் போட்டி. தலைப்பு, தூய்மை. பாதியில பேச்சு மறந்து போச்சு. வேற யாரா இருந்தாலும் அழுதுகிட்டே எறங்கியிருப்பாங்க. இவ நடுவரப் பாத்து, 'ஐயா, நீங்க கச்சான் கடல தின்னு தோலக் கீழ போட்டுகிட்டிருக்கீங்க, அத எடுங்க'ன்னு சொன்னா. அவரு குனிஞ்சு பொறுக்கினாரு. இவளுக்கு ரெண்டாம் பரிசு."

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் மேசைப் பக்கம் பார்த்தார்கள். மலர் பெட்டியை மடித்தபடியே இருந்தாள்.

"மலர்," என்று மறுபடி கூப்பிட்டாள். மூன்றாம் முறையும் கூப்பிட்டாள். மூன்று முறை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் வரவில்லை என்று குறிப்பது டீச்சரின் வழக்கம். சசிரேகாவின் கையில் பேனா இருந்தது. அவள் எதையும் குறிக்கவில்லை.

"மலர்," என்றாள் நான்காம் முறையாக. "மழ விடுற வரைக்கும் கூப்பிட்டுகிட்டுதான் இருப்பேன்."

மலர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். "அந்தத் தாளக் குடு."

சசிரேகா கொடுத்தாள்.

"நான் எடுக்கறேன் பதிவு," என்றாள் மலர். "அகிலன். எங்கப்பா இல்லைன்னு, எங்க சாமான ஏத்த ஒங்கப்பா லோரிய அனுப்புனாரு. நீ வரல. லோரியப் பத்தி அவ்வளவு எழுதுனவன் அன்னிக்கு மட்டும் லோரில ஏறல."

அகிலன் முகம் சிவந்தது. "உள்ளேன்," என்றான் மெல்ல.

"ரூபன். மாசத்துக்கு ஒரு மெசேஜ் அனுப்புவான், 'எப்படி இருக்க' ன்னு. நான் பதில் எழுதுனா 'ஓகே' ன்னு ஒரு பதில். என்னா ஓகே? என்கிட்ட கேட்டுட்டு நீயே ஓகே சொல்லிக்குவியா?"

ரூபன் சிரிக்கப் பார்த்து முடியாமல், "உள்ளேன்," என்றான்.

"சசிரேகா."

மழை கூரையை அறைந்துகொண்டிருந்தது.

"தெனமும் நாலே காலுக்கு பஸ்ஸு இந்தப் பக்கம் வரும். இவ எடது பக்கம் ஜன்னலோரம் ஒக்காந்திருப்பா. எங்க கட தெரிஞ்சதும் தூங்கிடுவா. நெஜமா தூங்குனா இவ வாயத் தொறந்துகிட்டுதான் தூங்குவா. எனக்குத் தெரியாதா, எத்தன வருசம் பக்கத்துல ஒக்காந்தவ? இங்க மட்டும் வாய இறுக்கி மூடிகிட்டு தூங்குவா. ஒரு வருசமா நடிச்சா. நடிப்பு படு மோசம்."

யாரோ குபீரென்று சிரித்துவிட்டார்கள். அது நவமணிதான். அவரைத் தொடர்ந்து எல்லாரும் சிரித்தார்கள். மலரின் உதடும் துடித்து, கடைசியில் அவளும் சிரித்தாள். சசிரேகா மட்டும் சிரித்துக்கொண்டே அழுதாள். மூக்கை உறிஞ்சிவிட்டு, நிமிர்ந்து நின்று, "உள்ளேன்," என்றாள். "தப்பு என்னுதுதான், மலர்."

"தெரியும். அதனாலதான் அன்னிக்கு ஒன்ன நடக்க விட்டேன். மோட்டார் சைக்கிள்ல கொண்டுபோய் விட்டிருக்கலாம்."

சிவசாமி தட்டில் நசுங்கிய பழங்களையும், சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்குகளையும் கொண்டுவந்து வைத்தார். விற்க முடியாத பழம் என்று சொன்னார். அதில் நல்ல பழமும் நிறைய இருந்தது. எல்லாரும் மேசையைச் சுற்றி நின்று சாப்பிட்டார்கள். டீச்சர் மலரைத் தனியே அழைத்து, தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"வெளியேருந்தே பரீட்ச எழுதலாம்மா. நான் விசாரிச்சுச் சொல்றேன்."

"விசாரிச்சிட்டேன் டீச்சர்," என்றாள் மலர். "இந்த வருசத்துக்குப் பதிவு முடிஞ்சு போச்சு. அடுத்த வருசம் எழுதறேன். அங்கிள்கிட்ட சொல்லிட்டேன், பரீட்ச நாளுக்கெல்லாம் லீவு வேணும்னு. காலையில அஞ்சு மணிக்கு எழுந்து கணக்குப் போடறேன். கூடுதல் கணக்குப் பாடம்தான் புரிய மாட்டேங்குது."

 இந்தப் பெண்ணைக் காப்பாற்றக் கிளம்பி வந்தோமே என்று நினைத்தாரோ என்னவோ, டீச்சர் கிழங்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

திருமாறன் தொண்டையைச் செருமினான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "நான் சொல்லித் தர்றேன்," என்றான். "கூடுதல் கணக்கு. ஞாயித்துக்கெழம சாயந்தரம். பரீட்ச முடிஞ்சதும்."

அவ்வளவு நீளமாக அவன் பேசி யாரும் கேட்டதில்லை.

"சரி," என்றாள் மலர்.

"நான் வரலாறு," என்றாள் சசிரேகா. "புதன்கிழம. பஸ்ஸ விட்டு எறங்கிடுவேன்."

"மொதல்ல ஒங்க பரீட்சைய எழுதி முடிங்க. ஒருத்தர்கூட ஃபெயிலாகக் கூடாது. ஃபெயிலான ஆளுகிட்ட நான் படிக்க மாட்டேன்." மலர் கையுறையை மாட்டிக்கொண்டாள். "இன்னும் முப்பது பொட்டி இருக்கு. சும்மா நிக்கறவங்க எல்லாம் இங்க வாங்க. மடிப்ப நான் காட்டறேன். அகிலன், நீ பெரிய பழத்தத் தின்னுகிட்டே அடுக்காத."

பதினான்கு பேரும் மேசையைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்தார்கள். ஐந்தரைக்கு மழை விட்டபோது எண்பது பெட்டியும் கட்டி முடிந்திருந்தது. அதில் ரூபன் கட்டிய ஆறு பெட்டிகளை மலர் பிரித்து மறுபடி கட்டினாள்.