வயர் இல்லாத சார்ஜர் வாங்கப் போன கதை

1

நேற்றிலிருந்து கழுத்து பிடித்துக்கொண்டு திரும்ப முடியவில்லை. உட்கார்ந்து எழுதியதால் வந்த வலி. அண்ணனிடம் சொன்னால் சிரிப்பான். அவன் இரும்புப் பட்டறையில் பத்தொன்பது வருடமாக இரும்பு தேய்க்கிற கிரைண்டர் பிடிக்கிறவன்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அவனோடு சார்ஜர் வாங்கப் போனதே ஒரு சிரிப்புக் கதை கிடைக்கும் என்றுதான். சார்ஜர் பின்னைக் கோணலாக அழுத்தி அழுத்தி, ஒரே வருடத்தில் இரண்டு தடவை போனின் துளையை உடைத்தவன் அவன். வீட்டில் பட்டப்பெயரே முரடன்தான்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "முரடன் கை பட்டால் இரும்பே அழும், பாவம் அந்தச் சின்னத் துளை என்ன

இதற்கு மேல் எழுதவில்லை. காரணம் பின்னால் வரும்.

2

இரண்டாவது தொடக்கம். நடந்தது நடந்தபடி.

"வயரே வேணாமாம், மேல வச்சா போதுமாம். அதை வாங்கிட்டு வாங்க, தொல்லை விட்டுது" என்று அனுப்பியது அண்ணி. கடைக்காரப் பெண் மூன்றை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தாள். ஒன்று தட்டை. ஒன்று போனை நிறுத்திவைப்பது. ஒன்று காந்தத்தில் தானே ஒட்டிக்கொள்வது.

"தட்டை விலை கம்மிண்ணா. ஆனா சரியா நடுவுல வைக்கணும்."

"இவன் வாழ்க்கையில எதையுமே நடுவுல வச்சதில்ல" என்றேன். அவள் சிரித்தாள். அண்ணனும் சிரித்தான்.

(இந்த வரியை அடித்துவிடப் பார்த்தேன். இருக்கட்டும். நான் சொன்னதுதானே.)

"போனுக்குப் பின்னாடி இரும்பு எதுவும் இல்லையே?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றான் அண்ணன்.*

* அவன் பொய் சொல்லவில்லை. பட்டறையில் தரையெல்லாம் இரும்புத்தூள். போனைக் கீழே வைக்க முடியாது. அதனால் ஆளாளுக்கு ஒரு தகடு வெட்டி, போன் உறைக்குள் செருகி, தூணில் இருக்கிற காந்தத்தில் ஒட்டிவைப்பார்கள். வருடக்கணக்கில் உள்ளே கிடக்கும் தகட்டை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

3

தட்டையானதில் போனை வைத்துவிட்டு மற்ற இரண்டையும் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடமாகியும் சார்ஜ் ஒரு சதவீதம்கூட ஏறவில்லை. அப்போதுதான் அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டான். உறையைக் கழற்றி, தகட்டை விரலால் உருவி நீட்டினான்.

"இதுதான் தடுக்குதாம்மா?"

தொட்டவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். "அய்யோ! கீழ போடுங்கண்ணா! நெருப்பா சுடுது!"

அண்ணன் போடவில்லை. "எங்கம்மா சுடுது?" என்று கேட்டான்.

விளையாட்டுக் காட்டுகிறான் என்று நினைத்து நானும் தொட்டேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சட்டி மாதிரி இருந்தது. பத்து நிமிடமாகச் சார்ஜர் போனுக்குப் பதில் அந்தத் தகட்டைத்தான் சூடாக்கியிருக்கிறது. அவன் கையில் ஓங்கி அடித்துத் தகட்டைத் தட்டிவிட்டேன். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் வெளுத்து, எங்கள் கண்ணெதிரே கொப்புளம் எழும்பியது. அவன் அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தான்.

வெளியே வந்ததும் கேட்டேன். "எத்தனை நாளாண்ணே?"

"கிரைண்டர் அதிர்ற அதிர்வுல விரல் மரத்துப்போய் ரெண்டு வருஷம் இருக்கும். பின்னு உள்ள போச்சா இல்லையான்னே தெரியாதுடா. அதான் அழுத்துவேன்." கொப்புளத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டே, "சூடும் தெரியலன்னு இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்றான்.

"டாக்டர்கிட்ட..."

"மெஷினை விட்டு இறக்கிடுவாங்க. அப்புறம் பெருக்கற வேலைதான். அண்ணிகிட்ட மூச்சு விட்டுடாத."

இந்த இடத்தில் வர வேண்டிய வாக்கியம்: அப்போது எனக்கு

வரவில்லை. இன்னும் வரவில்லை.

4

முடிவு ஒன்று: அண்ணன் மருத்துவரைப் பார்க்கிறான், வேலை மாற்றிக் கொடுக்கிறார்கள், எல்லாம் சுபம். எழுதிப் பார்த்தேன். சுவரொட்டி வாசகம் மாதிரி இருந்தது.

முடிவு இரண்டு: சுழலும் கிரைண்டர், உணர்வில்லாத விரல். அதை எழுதினேன், கிழித்தேன், கிழித்ததை மறுபடியும் கிழித்தேன்.

மூன்றாவது முடிவுக்கு நான் அண்ணியிடம் பேச வேண்டும். நேற்று அவரே கூப்பிட்டார்.

"அந்த நிக்க வைக்கற சார்ஜர் நல்லா வேலை செய்யுது தம்பி. ஆமா, அவர் கையில என்ன கொப்புளம்? பட்டறையில பட்டுச்சுங்கறார். நிஜமா?"

"நிஜம்தான் அண்ணி."

இன்று காலை எட்டு மணிக்கும் அவன் கிரைண்டரை எடுத்திருப்பான். முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், எனக்குக் கை வரவில்லை. அண்ணிக்கு நான் ஓர் உண்மை பாக்கி: அவர் கணவனுடைய விரல்களில் உணர்வு இல்லை, சுட்டால்கூடத் தெரியாது.