நடுச்சுவரில் ஒரு வழி

"ஏன்க்கா, உங்க கடையில மட்டும் ஆளே நிக்க மாட்டேங்குது?"

கல்யாணமாகி வந்த புதிதில் ஓரகத்தி கேட்டது. கேட்டவள் அன்றே மறந்திருப்பாள். மூத்தவளுக்கு அது நகக்கண்ணில் ஏறிய சிராய்.

நகரத்தையும் சின்ன ஊரையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் இரண்டு டீக்கடைகள். அண்ணன் கடை ஊர் திரும்பும் புறம். தம்பி கடை எதிர்ப்புறம், நகரத்தை நோக்கிக் கொஞ்சம் தள்ளி. குடும்பம் பிரிந்தபோது நிழல் இருக்கிறதென்று இந்தப் பக்கத்தை அடம்பிடித்து வாங்கியவள் மூத்தவள்தான். நகரத்துக்குக் கிளம்பியவனுக்குத்தான் தொண்டை காயும், ஊர் திரும்புகிறவன் வீட்டு நினைப்பில் வண்டியை நிறுத்தமாட்டான் என்பது அன்று அவள் புத்திக்கு எட்டவில்லை. லாரியெல்லாம் எதிரே நின்றது. டிரைவர்கள் சிரிக்கிற சத்தம் சாலையைத் தாண்டி வந்து அவள் காலி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

சாலையை அகலப்படுத்தி நடுவில் சுவர் எழுப்ப ஆட்கள் வந்தார்கள். ஊரிலிருந்து வரும் டவுன் பஸ் வளைந்து ஊருக்கே திரும்புவதற்கு மட்டும் சுவரில் ஒரே ஒரு வழி விடுவார்களாம். இளையவள் ரோடு மேஸ்திரிக்கு டீ கொடுத்தபடி கையை நீட்டி நீட்டி என்னவோ பேசியதை மூத்தவள் பார்த்தாள். மறுநாள் இளையவள் கடைக்கு நேரே இரண்டு சுண்ணாம்புக் கோடுகள் விழுந்தன.

"ஒரு கிளாஸ் டீயக் குடுத்து ரோட்டையே வாங்கிட்டா," என்றாள் புருஷனிடம்.

"வாங்கி எங்க மடிச்சு வைப்பா? பேசாம பாலப் பாரு, பொங்குது."

பால் மட்டுமா பொங்கியது? மத்தியானம் ஆட்கள் மர நிழலில் கண்ணசந்த நேரம், ஈரச் சாக்கோடு போனாள். கோடுகளைத் தேய்த்து அழித்தாள். அங்கே கிடந்த சுண்ணாம்பால் தன் கடைக்கு நேரே புதிதாக இரண்டு கோடு இழுத்தாள். மேஸ்திரி சாலையின் மறுகோடியில் வேலையாக இருந்தார். ஆட்கள் கோட்டைப் பார்த்தே சுவரைக் கட்டி முடித்தார்கள்.

முதல் பஸ் வந்தது. அவள் வாசலில் வளைந்தபோது பெஞ்சை உரசாத குறை. நிற்கவில்லை. திரும்பிய வேகத்தில் ஊரைப் பார்த்துப் போய்விட்டது. திருப்பத்தில் வண்டி நிற்கக்கூடாது என்று ஒரு பலகையையும் அவள் கடை முன்னாலேயே நட்டார்கள். அன்று முதல் சைக்கிள்காரன்கூட அங்கே கால் ஊன்றவில்லை.

மேஸ்திரி வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். விஷயம் கேள்விப்பட்டு இளையவளும் வந்தாள். மேஸ்திரி மூத்தவளிடம் சொன்னார்:

"நான் போட்ட கோடு அங்கம்மா. பஸ் அங்க திரும்புனா, ஊரப் பாத்து இந்தப் பக்கம் வரும்போது நேரா உங்க கடையிலதான் வந்து நிக்கும். இந்தப் பொண்ணு கால்ல விழாத குறையா கேட்டுச்சு, 'எங்கக்கா கடையில பஸ்ஸாவது நிக்கட்டும்'னு. இனி சுவர ஒடச்சா என் வேலை போயிடும். எந்தப் பாவி அழிச்சானோ."

ரோலர் ஓட்டுகிறவர் கொட்டாவி விட்டார். "அரைத் தூக்கத்துல பாத்தேன், இந்த அக்காதான் சாக்கு வச்சுத் தேச்சுக்கிட்டு இருந்தாங்க. என்ன சுத்தம்டா, ரோட்டக்கூட தொடைக்கிறாங்கன்னு நெனச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. மூத்தவளுக்கு உடம்பு கூசியது. அந்தக் கூச்சத்துக்கு அடியிலும் பழைய நெருப்பு அவியாமல் கிடந்தது: லாரியும் அவளுக்கு, இனி நல்லவள் என்கிற பேரும் அவளுக்கே.

"வந்தவ நின்னுக்கிட்டே இருக்கியே," என்றாள் குரல் இறங்கி. "ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ."

ஊற்றிய கிளாஸை நீட்டினாள். இளையவள் அதைப் பார்த்தாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவரில் விட்டிருந்த அந்த வழியாகவே நடந்து எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தாள்.