சீனன்குடாவில் நின்ற கப்பல்

நியூசிலாந்தின் பிளாக்ஹவுஸ் பே மண்டபத்தில் தமிழ் மூத்தோர் சங்கத்தின் கூட்டம்; போர்வீரரை நினைவுகூரும் அன்சாக் நாளுக்காக. பேச்சாளர் கேதீஸ்வரன். முப்பது வருடமாக ஓக்லாந்தில் யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் அவர் அவிழ்த்துவிடும் கதைதான் இன்றைக்கும். இரண்டாம் உலகப் போரில் 'பம்பரா' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் அப்பா சமையற்காரர். புயலிலும் பருப்புச் சட்டியைக் கவிழவிடாதவர். புயல் மட்டும் கேதீஸ்வரனின் கைச்சரக்கு.

வினை, முந்தின நாள் லண்டனிலிருந்து மின்னஞ்சலில் வந்தது. பேச்சுக்கு மெருகேற்ற அவர் கேட்டிருந்த, அப்பாவின் கடற்படைச் சேவைப் பதிவேடு. பம்பரா கப்பலே இல்லையாம். திருகோணமலைக்குப் பக்கத்தில், சீனன்குடாவில் இருந்த விமானத்தளமாம். கடற்படைக்காரர் தரையில் இருக்கும் தளத்துக்கும் கப்பல் பேர்தான் வைப்பார்களாம். கேற்றைத் தாண்டுவதற்கே 'கரைக்குப் போகிறேன்' என்று லீவு கேட்க வேண்டுமாம். கடைசிப் பக்கத்தில், அப்பா கப்பலை விட்டு ஓடிய குற்றவாளி என்று ஒரு வரி. அதற்கு மேல் படிக்க வெட்கப்பட்டு மூடிவிட்டார்.

புளுகு போனால் போகட்டும். முன்வரிசையில் அக்கா இராசமலர் இருந்தாள். எண்பத்தொரு வயது. தான் பிறந்தபோது அப்பா நடுக்கடலில் நின்றார், அதனால்தான் பார்க்க வரவில்லை என்று அம்மா சொன்னதை நம்பியே இத்தனை காலம் மனதைத் தேற்றிக்கொண்டவள். சீனன்குடாவுக்கும் அம்மா இருந்த வீட்டுக்கும் நாலு மைல்.

பேசாமல் பழைய கதையையே சொல்லிவிடலாம் என்று புயலைக் கிளப்பினார். ஆனால் பெருமைக்காகச் செயலாளர் ஆனந்தராசாவுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லியிருந்தாரே, அந்த மனுசன் அதைத் திரையில் போட்டுவிட்டார். முதல் பக்கத்தில் பம்பராவின் படம்: ஓடுபாதை, ஒரு விமானம், நாலைந்து தென்னை.

"கப்பல் எங்கயடா?" என்று அக்கா கேட்டாள்.

"இதுதான் அக்கா."

"தென்னைமரமெல்லோ நிக்குது."

"ஓம். சீனன்குடா."

அக்கா திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினாள். "அப்ப நாலு மைலுக்குள்ள இருந்துகொண்டோ என்னைப் பார்க்க வரேல்லை?"

அந்த முகத்தைக் கேதீஸ்வரனால் பார்க்க முடியவில்லை. அதற்குள் ஆனந்தராசா கடைசிப் பக்கத்துக்குத் தாவியிருந்தார். முள்ளுக்கம்பி வேலி பாய்ந்து கப்பலை விட்டு ஓடியது; பதினாலு நாள் தண்டனை. மண்டபம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"திகதி என்ன?"

"நாப்பத்திநாலு, ஆகஸ்ட் ஒன்பது."

"நான் பிறந்த நாள். மிச்சத்தை வாசி."

கேதீஸ்வரன் முதன்முறையாக மிச்சத்தைப் படித்தார்.

"பிடிபட்ட இடம், மனைவியின் வீடு. கையில் குழந்தை இருந்தபடியால் விலங்கு மாட்ட முடியவில்லை."

அந்த விலங்கின் வெட்கத்தைத்தான் அம்மா நடுக்கடலுக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

"இன்னொருக்கா வாசி," என்றாள் அக்கா. "சத்தமா."